மழை ஏமாற்றும் மண்: ககாவா பயணக் குறிப்புகள்

வெள்ளி, கடல் தாண்டி

ஜப்பானின் பெருந்தீவிலுள்ள ஒகயாமாவில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஷிகோகு தீவில், ககாவா மாகாணத்தின் தலைநகரான தகாமட்சு வந்துவிடுகிறது. நடுவில் கொஜிமா நிலையத்தைத் தாண்டியதும் ரயில் கடலின் மேல் ஓடத் தொடங்கும். செத்தோ பெரும்பாலம் இதுதான். மேல் தளத்தில் கார்கள், கீழ்த் தளத்தில் தண்டவாளம். இரும்புச் சட்டங்களின் இடைவெளியில் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன.

சித்தப்பா ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை. பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். என்னைப் பார்க்க வந்தவரிடம் கியோட்டோ போகலாமா, ஃபூஜி மலைக்குப் போகலாமா என்று கேட்டால், "ஏரி குளம் நிறைய இருக்கிற ஊர் இங்கே எதும்மா?" என்று திருப்பிக் கேட்டார். பரப்பளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அதற்கு ஒரே விடைதான். ககாவா. ஜப்பானின் 47 மாகாணங்களில் ஆகச் சிறியது. சுமார் 1,877 சதுர கிலோமீட்டர். அதற்குள் 12,000-க்கும் மேற்பட்ட பாசனக் குளங்கள்.

பாலத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இது வருவதற்கு முன்னால் ஷிகோகு தீவுக்குக் கப்பல்தான். ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். 1955 மே 11 அன்று மூடுபனியில் ஷியுன் மாரு என்ற கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 168 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள். பாலம் வேண்டும் என்ற குரல் அதற்குப் பிறகுதான் ஓங்கியது. 1978-ல் வேலை தொடங்கி 1988 ஏப்ரல் 10-ல் திறந்தார்கள். காலையில் அக்கரைக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள் என் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு சாதாரணமாகிவிட்டது இந்தக் கடல்.

சனி, தகாமட்சு

காலை ஏழு மணிக்கே உடோன் கடையில் வரிசை. தடித்த கோதுமை நூடுல்ஸ்தான் உடோன். இங்கே அது காலையும் மதியமும் சாப்பிடுகிற பண்டம். நல்ல கடைகள் பல பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிடும், மாவு தீர்ந்தால் அதற்கு முன்பே.

தட்டை எடுத்துக்கொண்டு எத்தனை உருண்டை வேண்டும் என்று சொல்ல வேண்டும். கொடுக்கிற கிண்ணத்தை நாமே வெந்நீரில் அலசி, குழாயைத் திறந்து சாறு பிடித்துக்கொள்ள வேண்டும், வெங்காயத்தாளும் இஞ்சித் துருவலும் தூவிக்கொள்ள வேண்டும். சின்னக் கிண்ணம் முந்நூறு யென் பக்கம். பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் காட்டி, பிறகு வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. சாறு நெத்திலிக் கருவாட்டில் காய்ச்சியது. சைவர்கள் சோயா சாஸை மட்டும் ஊற்றித் தரச் சொல்லலாம். சித்தப்பா இரண்டாவது கிண்ணத்துக்குத் தானே எழுந்து போனார்.

ஏன் இந்த ஊரில் இப்படி ஓர் உடோன் வெறி? வானத்தைக் கேட்க வேண்டும். வடக்கே சுகோகு மலைகள், தெற்கே ஷிகோகு மலைகள். இரண்டும் இரு பக்கமும் மழையை மறித்துக்கொள்கின்றன. தகாமட்சுவில் வருடத்துக்குச் சுமார் 1,150 மில்லிமீட்டர்தான் பெய்யும். ஜப்பானின் சராசரி 1,700-ஐ ஒட்டியது. ஆறுகளோ குட்டையானவை. பெய்த தண்ணீர் நிற்காமல் கடலுக்கு ஓடிவிடும். நெல்லை மட்டும் நம்ப முடியாது. அதனால் நெல் அறுத்த வயலில் குளிர்காலத்தில் கோதுமை போட்டார்கள். மழை குறைவு, வெயில் அதிகம் என்பதால் கடலோரம் உப்பு விளைந்தது. ஷோதோஷிமா தீவில் சோயா சாஸ். இபுகி தீவில் நெத்திலி. கோதுமை, உப்பு, சாஸ், நெத்திலி நான்கும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த பிறகு வேறு என்ன சமைப்பார்கள்? நடவு முடிந்ததும் ஜூலைத் தொடக்கத்தில் எல்லோரும் உடோன் சாப்பிடுவது இங்கே பழைய வழக்கம்.

இன்று மாவில் பெரும்பகுதி ஆஸ்திரேலியக் கோதுமை. அதை யாரும் மறைப்பதில்லை. உள்ளூர்க் கோதுமையை மீட்பதற்காக மாகாணமே 'சனுகி நோ யுமே' என்ற ரகத்தை உருவாக்கி விவசாயிகளுக்குக் கொடுத்திருக்கிறது. சனுகி என்பது இந்தப் பகுதியின் பழைய பெயர்.

பெயர் என்றதும் ஒரு சங்கதி. ககாவா மாகாணம் 1871-ல் பிறந்து, இரண்டே வருடத்தில் பக்கத்து மாகாணத்தோடு சேர்க்கப்பட்டு, திரும்பப் பிரிந்து, 1876-ல் எஹிமே என்ற இன்னொரு அண்டை மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது. விடாமல் கேட்டுக் கேட்டு 1888 டிசம்பர் 3 அன்று தனி மாகாணம் ஆனது. இன்றைய ஜப்பானிய மாகாணங்களில் கடைசியாகப் பிரிந்து தனியானது இவர்களுடையது.

மதியம் ரிட்சுரின் தோட்டம். தகாமட்சுவை ஆண்ட மட்சுதைரா பிரபுக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்து 1745-ல் முடித்தது. ஆறு குளங்கள், ஆயிரம் பைன் மரங்கள் கையால் வெட்டி வடிவம் பார்க்கப்பட்டவை. வானுயர்ந்து நிற்க வேண்டிய மரம் தோள் உயரத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. (ஜப்பானின் பைன் போன்சாய் மரங்களில் 80 சதவீதம் இதே நகரத்தின் கினாஷி, கொகுபுன்ஜி பகுதிகளிலிருந்துதான் போகிறது.) எனக்கு மரங்களைவிட ஊற்றுதான் பிடித்தது. 17-ஆம் நூற்றாண்டில் கோதோ ஆற்றின் ஒரு கிளையை மறித்து வெள்ளத்தைத் தடுத்தார்கள். அந்தப் பழைய ஆற்றுப்படுகையின் மேல்தான் தோட்டம் இருக்கிறது. ஆறு மேலே இல்லை, அடியில் ஓடுகிறது. அந்த ஊற்றுநீர்தான் குளங்களை நிரப்புகிறது. ஆற்றை மறித்தவர் நிஷிஜிமா ஹச்சிபே. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கும் வருவார்.

மாலையில் மாகாண அரசு அலுவலகத்தைப் பார்த்தோம். கட்டடக்கலைஞர் கென்சோ தாங்கே 1958-ல் கட்டியது. கான்கிரீட்டில் மரவேலைபோல உத்தரங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தரைத்தளத்தில் சுவரே இல்லை. தூண்களுக்கு நடுவே யாரும் வரலாம், போகலாம். போரில் எரிந்துபோன நகரத்தில், அரசு அலுவலகம் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் திறந்த வாசலில் பிறகு நடந்த ஒன்றை புதன்கிழமை எழுதுகிறேன்.

ஞாயிறு, மன்னோ

இந்தப் பயணமே இந்த நாளுக்காகத்தான். ஜூன் 15, மன்னோ குளத்தின் மதகு திறக்கும் நாள். 'யுருநுகி' என்பார்கள்.

வழியில் சென்ட்சூஜி கோயில். 774-ல் குகாய் பிறந்த இடம் இது. கோபோ தாய்ஷி என்று ஷிகோகு முழுக்கக் கும்பிடுகிற புத்தத் துறவி. அவர் பெயரில் தீவைச் சுற்றி 88 கோயில்களுக்கு நடக்கிறார்கள். வெள்ளைச் சட்டை, கூம்புத் தொப்பி, கையில் தடியோடு அப்படி நடக்கிறவர்கள் நிறையப் பேர் வாசலில் இருந்தார்கள். கோயிலுக்கு அடியில் நூறு மீட்டர் இருட்டுப் பாதை ஒன்று இருக்கிறது. சுவரை இடதுகையால் தடவிக்கொண்டே நடக்க வேண்டும். கண்ணுக்கு எதுவுமே தெரியாது. சித்தப்பா பின்னாலிருந்து "இருக்கியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

குகாய்க்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 804-ல் சீனா போன குகாய்க்கு அங்கே தீட்சை கொடுத்தவர் ஹுய்குவோ. அவருடைய குரு அமோகவஜ்ரர். அமோகவஜ்ரருடைய குரு வஜ்ரபோதி. இந்த வஜ்ரபோதி தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாகச் சீனா போனவர். காஞ்சியில் பஞ்சம் வந்தபோது பல்லவ அரசன் நரசிம்மவர்மன் இவரை அழைத்து மழைக்காக வேண்டச் சொன்னான் என்று சீன மொழியில் உள்ள அவருடைய வரலாறு சொல்கிறது. குகாயும் 824-ல் கியோட்டோவில் மழைக்காக வேண்டுதல் நடத்தியவர். காஞ்சியில் மழை கேட்ட அந்த மரபு மூன்று தலைமுறைச் சீடர்கள் வழியாக இந்த வறண்ட சமவெளிப் பிள்ளையிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கோயில் முற்றத்துக் கற்பூர மரத்தடியில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆனால் குகாய் மழையை மட்டும் நம்பி இருக்கவில்லை. மன்னோ குளம் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டியது. 818-ல் கரை உடைந்தது. அரசாங்கம் அனுப்பிய அதிகாரியால் வேலைக்கு ஆள் சேர்க்க முடியவில்லை. அப்போது இந்தப் பகுதி நிர்வாகி தலைநகருக்கு எழுதினார்: குகாயை அனுப்புங்கள், அவர் பெயரைச் சொன்னால் மக்கள் தானாக வருவார்கள். 821-ல் அவர் வந்தார். சில மாதங்களில் கரை எழும்பிவிட்டது.

கரையில் நின்றதும் சித்தப்பா முதலில் பார்த்தது அதன் வளைவை. கரை தண்ணீரை நோக்கி வளைந்து நிற்கிறது. "பாரம் ரெண்டு பக்க மலையிலயும் போய் இறங்குது, பாத்தியா?" என்றார். அப்புறம் கலிங்கு எங்கே என்று தேடிப்போனார். பாறையைக் குடைந்து உபரி நீரை வெளியேற்றுகிற வழி அங்கே இருக்கிறது. அதைக் குகாய் வெட்டியதாகச் சொல்கிறார்கள்.

அதோடு முடியவில்லை கதை. 1184-ல் மறுபடி உடைந்தது. நாடு முழுக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம்; சரிசெய்ய ஆளில்லை. நாலரை நூற்றாண்டு இந்தக் குளம் குளமாகவே இல்லை. உள்ளே வீடு கட்டி, வயல் உழுது, ஒரு கிராமமே இருந்தது. 1631-ல்தான் நிஷிஜிமா ஹச்சிபே திரும்பக் கட்டினார். வேறொரு பிரபுவிடமிருந்து இரவல் வந்த அதிகாரி அவர். அந்தச் சில வருடங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட குளங்களைக் கட்டியோ சீரமைத்தோ இருக்கிறார். குளத்துக்குள் வீடு வைத்திருந்தவர்களுக்கு வேறு இடத்தில் நிலம் கொடுத்தார்கள். 1854-ல் இன்னொரு பெரிய உடைப்பு. பதினாறு வருடம் கழித்து, மரக் குழாய்க்குப் பதிலாகப் பாறையைத் துளைத்து மதகு வைத்தார்கள். அதன் பிறகு உடையவில்லை. இப்போது சுற்றளவு சுமார் 20 கிலோமீட்டர். கொள்ளளவு 1 கோடியே 54 லட்சம் கன மீட்டர். ஜப்பானின் ஆகப் பெரிய பாசனக் குளம்.

யுருநுகிக்கு வருவோம். கரையோரக் கோயிலில் பூசாரிகள் பூசை செய்தார்கள். பிறகு மதகுக் கோபுரத்தில் சக்கரத்தைச் சுற்றினார்கள். ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் கரைக்கு வெளியே, கீழே, தண்ணீர் வெள்ளையாகப் பீறிட்டு வந்தது. அந்தச் சத்தத்தை ஜப்பானிய அரசாங்கம் 'காக்க வேண்டிய நூறு ஒலிகள்' பட்டியலில் சேர்த்திருக்கிறது. குழந்தைகள் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். வயதானவர்கள் கைகூப்பினார்கள். கீழே கோதுமை அறுத்த வயல்கள் காத்துக்கிடக்கின்றன. இந்த வாரம் நடவு தொடங்கும்.

கூட்டம் கலைந்த பிறகு, தண்ணீர்ச் சங்கத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் சித்தப்பா சார்பில் கேட்டேன்: பஞ்ச காலத்தில் எப்படிப் பங்கு வைப்பீர்கள்? முன்பெல்லாம் ஊதுபத்தி என்றார். வயலின் அளவுக்கு ஏற்ப ஊதுபத்தியை நறுக்கி ஏற்றுவார்கள். அது எரிந்து தீரும்வரை உன் வயலுக்கு. தீர்ந்ததும் மடையை மாற்றிவிட வேண்டும். கடிகாரம் இல்லாத காலத்து ஏற்பாடு. சித்தப்பா முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "நம்மூர்ல முறைப்பாசனத்துக்கு, மடை திறந்துவிடுற நீர்க்கட்டி நாழிகை பார்ப்பார். இங்கே பத்தியா!" என்று சொல்லி, அதையும் பெரியவருக்கு மொழிபெயர்க்கச் சொன்னார். இரண்டு பேரும் மதகுப் பக்கம் நடந்து போனார்கள். பொதுமொழி இல்லாமல் கைகளாலேயே அரை மணி நேரம் பேசினார்கள்.

இப்போது குளங்கள் மட்டும் இல்லை. 1974 முதல் யோஷினோ ஆற்றுத் தண்ணீர், மலையைக் குடைந்த 8 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக இங்கே வருகிறது. அதற்கு முந்தைய வருடம் குழாயில் தண்ணீர் வராமல் 'தகாமட்சுப் பாலைவனம்' என்றே பேர் எடுத்திருந்தார்கள். கால்வாய் வந்த பிறகும் 1994-ல் அந்த ஆற்றின் மேற்பகுதியில் உள்ள சமேயுரா அணை முழுக்க வற்றி, தகாமட்சுவில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்தான் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில் வயல்களைக் காப்பாற்றியது பழைய முறைவைப்பும் பழைய குளங்களும்தான். கால்வாய் வந்துவிட்டது, குளங்கள் எதற்கு என்று தூர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குளத்தைத் தூர்த்துக் கட்டடம் கட்டுகிறவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் இந்த மாகாணத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

திங்கள், கொன்பிரா

கொதொஹிரா மலைக் கோயில். எல்லோரும் கொன்பிரா-சான் என்று உறவுக்காரரைப்போலக் கூப்பிடுகிறார்கள். பெரிய சன்னதிக்கு 785 படி, உச்சிக் கோயிலுக்கு மொத்தம் 1,368 படி. சித்தப்பா முழங்காலைப் பார்த்து 785-லேயே நிறுத்திக்கொண்டோம்.

கொன்பிரா என்கிற பெயர், கங்கை முதலையான கும்பீரனிலிருந்து வந்தது. புத்த மதத்தோடு வந்து, இந்த மலையில் கடல் பயணிகளின் காவல் தெய்வமாகிவிட்டார். 1868-க்குப் பிறகு, புதிதாக வந்த மெய்ஜி அரசாங்கம் புத்தத்தையும் ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவையும் பிரித்தபோது கோயிலை ஷிண்டோவுக்கு மாற்றி, தெய்வத்தையும் மாற்றினார்கள். மாலுமிகள் வருவது மட்டும் மாறவில்லை. படத்து மண்டபத்தில் எண்ணெய்க் கப்பல், மீன்பிடிக் கப்பல், கடற்படைக் கப்பல் என்று சுவர் நிறையக் காணிக்கைப் படங்கள். அவற்றுக்கு நடுவில் 1990-ல் விண்வெளிக்குப் போன முதல் ஜப்பானியருக்கான காணிக்கையும் இருக்கிறது. அதுவும் பயணம்தானே.

மெய்ஜிக்கு முந்தைய எடோ காலத்தில் சாதாரண மக்கள் ஆயுளில் ஒருமுறை வர ஆசைப்பட்ட இடம் இது. வர முடியாதவர்கள் தங்கள் நாயை அனுப்பினார்கள். கழுத்துப் பையில் எஜமானர் பெயரும், காணிக்கையும், சாப்பாட்டுச் செலவும் இருக்கும். வழிப்போக்கர்கள் ஊர் ஊராகக் கைமாற்றிக் கூட்டிவருவார்கள். யாரும் பணத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பி அனுப்பியிருக்கிறார்கள்.

மலையடிவாரத்தில் கனமாரு-சா. 1835-ல் கட்டியது, இன்றும் நிற்கிற கபுகி நாடக அரங்குகளில் மிகப் பழையது. மேடைக்கு அடியில் இறங்கிப் பார்க்க விடுகிறார்கள். சுழல்மேடையை நான்கு பேர் தோள்கொடுத்துத் தள்ளுகிற கட்டைகள் தேய்ந்து பளபளக்கின்றன. 1985-ல் தொடங்கி, வசந்த காலத்தில் பெரிய நடிகர்கள் இங்கே வந்து ஆடுகிறார்கள். வர வேண்டுமானால் ஏப்ரலில் வாருங்கள்.

செவ்வாய், மருகாமே

கோட்டையின் கற்சுவர் அடுக்கடுக்காக எழும்பி மொத்தம் 60 மீட்டர். மேலே 1660-ஆம் வருடத்துச் சின்ன மரக்கோபுரம். ஜப்பானில் அசலாக மிஞ்சிய பன்னிரண்டு கோட்டைக் கோபுரங்களில் ஒன்று. 2018 மழையில் சுவரின் ஒரு மூலை சரிந்துவிட்டது. கல்லுக்குக் கல் எண் போட்டுத் திரும்ப அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜப்பானின் தட்டை விசிறிகளில் தொண்ணூறு சதவீதம் இந்த ஊரில்தான் செய்கிறார்கள். கொன்பிராவுக்கு வருகிறவர்கள் வாங்கிப்போகும் நினைவுப்பொருளாகத் தொடங்கிய தொழில். ஒரே மூங்கில் துண்டைப் பிளந்து பிடியும் விலாவும் எடுக்கிறார்கள். பக்கத்துச் சகாய்தேயில் ஒருகாலத்தில் கண்ணுக்கெட்டியவரை உப்பளம். 1829-ல் குமே என்ற பொறியாளர் பெரிய அளவில் அமைத்து முடித்தது. இப்போது அங்கே கடலைத் தூர்த்த நிலத்தில் கப்பல்தளமும் எண்ணெய்க் கிடங்குகளும். ரயிலில் இருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

புதன், நவோஷிமாவும் தெஷிமாவும்

நவோஷிமா என்றால் எல்லோருக்கும் கடலோர மஞ்சள் பூசணிச் சிற்பம் நினைவுக்கு வரும். ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவுடையது. 2021-ல் புயல் அடித்துக்கொண்டுபோய், அடுத்த வருடம் புதிதாகச் செய்து வைத்தார்கள். கட்டடக்கலைஞர் தாதாவோ ஆண்டோ பூமிக்கு அடியில் கட்டிய சிச்சு அருங்காட்சியகமும் உண்டு. பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குள ஓவியங்களை மின்விளக்கு இல்லாமல், மேலிருந்து வரும் பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்க்கிறோம். மேகம் நகர்ந்தால் ஓவியமும் மாறுகிறது. அழகு, சந்தேகமில்லை.

ஆனால் இந்தத் தீவுக்கு முதலில் சோறு போட்டது கலை இல்லை, செம்பு. 1917-ல் மிட்சுபிஷி வடக்கு முனையில் உருக்காலை வைத்தது. ஊருக்கு வருமானம் வந்தது. புகையில் சுற்றியிருந்த மலைகள் மொட்டையாயின. ஆலை இன்றும் ஓடுகிறது. பழைய மின்னணுப் பலகைகளிலிருந்து தங்கமும் வெள்ளியும் பிரித்தெடுக்கிறது.

தெஷிமாவில் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தக் கடலில் அபூர்வமாக ஊற்றுநீர் வளமுள்ள தீவு அது. 1970-களின் கடைசியில் ஒரு கழிவு வியாபாரிக்கு மண்புழு வளர்க்கிறேன் என்ற பெயரில் மாகாண அரசு அனுமதி கொடுத்தது. அவர் கொட்டியதோ நசுக்கிய கார் குப்பையும், எண்ணெய்க் கழிவும், ரசாயனமும். கொட்டி, திறந்தவெளியில் எரித்தார். மக்கள் புகார் செய்தார்கள், மாகாண அரசு கேட்கவில்லை. 1990-ல் வேறு மாகாணத்துப் போலீஸ் வந்து சோதனை போட்ட பிறகுதான் நின்றது.

அள்ளிக்கொண்டு போங்கள் என்பதுதான் தீவு மக்களின் கோரிக்கை. வயதானவர்கள், விவசாயிகள், மீனவர்கள் கப்பல் ஏறித் தகாமட்சு வந்து, மாகாண அலுவலகத்தின் முன்னால் மாதக்கணக்கில் நின்றார்கள். மக்களுக்காகத் திறந்திருக்கட்டும் என்று தாங்கே கட்டினாரே, அதே வாசல். 2000 ஜூனில் சமரசம் ஆனது. ஆளுநர் தீவுக்கு வந்து தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். மாகாணத்திடம் இழப்பீடு கேட்பதை மக்கள் கைவிட்டார்கள். குப்பை போக வேண்டும், அவ்வளவுதான். 2003 முதல் 2017 வரை கப்பல் கப்பலாக, 9 லட்சம் டன்னுக்கு மேல் நவோஷிமாவுக்குக் கொண்டுபோய் உருக்கினார்கள். ஒருவன் கொட்டியதை அள்ள ஒரு தலைமுறை ஆனது. செலவு பொதுமக்கள் வரிப்பணம். கோபம் வருகிறது எழுதும்போதே.

தீவின் மறுபக்கம் தெஷிமா கலைக்கூடம். ரியூ நிஷிசாவா கட்ட, ரெய் நைத்தோ உள்ளே அமைத்தது, 2010-ல் திறந்தது. தூணே இல்லாத ஒரு வெள்ளைக் கூடு, மேலே வானத்துக்கு இரண்டு திறப்புகள். தரையில் கண்ணுக்குத் தெரியாத துளைகளிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஊறி, உருண்டு, இன்னொன்றோடு சேர்ந்து ஓடுகிறது. வேறு எதுவும் கிடையாது. சித்தப்பா தரையில் சம்மணமிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சுற்றியுள்ள படிவயல்கள் புதர்மண்டிக் கிடந்தவை. கலைக்கூடம் வந்தபோது ஊர்க்காரர்களும் சேர்ந்து மீட்டிருக்கிறார்கள். நாற்று நட்டிருந்தது.

வியாழன், ஷோதோஷிமா

1908-ல் மூன்று மாகாணங்களில் ஆலிவ் நட்டுப் பார்த்தார்கள். பிழைத்தது இந்தத் தீவில் மட்டும். மழை குறைவு இங்கே வரமானது. இன்று மலைச்சரிவெல்லாம் சாம்பல்பச்சை இலைகள். எண்ணெய் எடுத்த சக்கையை மாட்டுக்குத் தீவனமாகக் கொடுக்கிறார்கள்.

நான் வந்தது சோயா சாஸுக்காக. தீவு முன்பு உப்புக் காய்ச்சியது. எல்லா ஊரிலும் உப்பு பெருகி விலை விழுந்தபோது அந்த உப்பைக்கொண்டு சாஸ் செய்ய இறங்கினார்கள். அது ஆகிறது நானூறு வருடம். ஆள் உயரத்துக்கும் மேலான சுகி (ஜப்பானிய சிடார்) மரத்தொட்டிகள் ஒவ்வொன்றும் நூறு வருடத்துக்கு மேல் உழைத்தவை. தொட்டிக்கு வெளியே அழுக்குபோல ஒட்டியிருப்பது நுண்ணுயிர். அதைத் துடைக்கவே கூடாது என்றார் எங்களுக்குச் சுற்றிக்காட்டிய அம்மாள். கோடையில் கலவை குமிழிவிட்டு முணுமுணுக்குமாம். காது வைத்துக் கேட்டோம், கேட்டது.

ஜப்பானில் பெரிய தொட்டி செய்யும் தச்சர்கள் அருகிவிட்டார்கள். தொட்டி போனால் ருசியும் போகும் என்று பயந்து, இந்தத் தீவின் சாஸ்காரர் ஒருவரே தச்சுவேலை கற்றுக்கொண்டு வந்து, 2012-லிருந்து குளிர்காலத்தில் போட்டித் தொழில்காரர்களையெல்லாம் கூப்பிட்டுச் சேர்ந்து தொட்டி செய்கிறார்கள். நூறு வருடம் கழித்து வருகிறவருக்காகச் செய்கிற வேலை.

நேரம் இருந்தால் கன்காகெய் பள்ளத்தாக்கின் ரோப் காரும், நக்கயாமா படிவயல்களும் பாருங்கள். எங்களுக்கு வயல்களுக்கு மட்டுமே நேரம் இருந்தது.

வெள்ளி, ஓஷிமா

தகாமட்சுவிலிருந்து அரை மணி நேரப் படகு. 1909-ல் தொழுநோயாளிகளை ஊரைவிட்டுப் பிரித்துவைக்க அரசாங்கம் தேர்ந்தெடுத்த தீவு. மருந்து வந்து குணமான பிறகும் அனுப்பவில்லை. அடைத்துவைக்கும் சட்டம் 1996-ல்தான் நீங்கியது. 2001-ல் நீதிமன்றம் அது அரசின் தவறு என்றது. அதற்குள் போக வீடும் உறவும் இல்லாமல் போயிருந்தது. இன்றும் முதியவர்கள் சிலர் இங்கேயே வாழ்கிறார்கள்.

பார்வை இழந்தவர்கள் வழி தெரிந்துகொள்ளப் பாதையில் வெள்ளைக்கோடும், முனைகளில் ஒலிபெருக்கி இசையும். 88 கோயில்களுக்கு நடக்க முடியாதவர்களுக்காகத் தீவுக்குள்ளேயே 88 சின்னச் சிலைகள். இங்கே படம் எடுக்கவில்லை. சுற்றுலா இடமாக நினைத்து வராதீர்கள், ஆனால் வாருங்கள். இது நடந்தது என்பதை ஒருவர் கூடுதலாகத் தெரிந்துகொள்வதும் முக்கியம்.

சனி, கிழக்கு ஓரம்

கடைசியாக ஹிகெத்தா, ஷிரொதோரி. 'சனுகியின் மூன்று வெள்ளைகள்' என்று உப்பு, சர்க்கரை, பருத்தியைச் சொல்வார்கள். சர்க்கரை இந்தப் பக்கத்துச் சரக்கு. கோயில் யாத்திரையில் நோயாக விழுந்த தெற்கத்தி ஆள் ஒருவனைச் சகியாமா ஷுகெய் என்ற வைத்தியர் காப்பாற்றினாராம். நன்றிக்கடனாக அவன் ஊரைவிட்டு வெளியேபோகக் கூடாத கரும்பைக் கொண்டுவந்து கொடுத்தானாம். அப்படித்தான் 'வசன்போன்' சர்க்கரை பிறந்தது என்பது வழக்கு. பாகைத் துணியில் கட்டிக் கல்லேற்றிப் பிழிந்து, தண்ணீர் தெளித்துக் கையால் பிசைந்து, மறுபடி பிழிந்து என்று நாள்கணக்கில் வேலை. வாயில் வைத்ததும் கரைந்துவிடுகிறது.

வெளிநாட்டுச் சர்க்கரை வந்து இது சரிந்தபோது ஊரைக் காப்பாற்றியது கையுறை. ஃபுத்தாகோ ஷுன்ரெய் என்ற இளம் துறவி ஒரு பெண்ணைக் காதலித்து ஒசாகாவுக்கு ஓடிப்போனார். பிழைப்புக்காக அங்கே கையுறை தைக்கத் தொடங்கினார். அந்தத் தொழிலை உறவினர் ஊருக்குக் கொண்டுவந்தார். இன்று ஜப்பானில் செய்யும் கையுறைகளில் தொண்ணூறு சதவீதத்துக்குப் பக்கம் இந்த வட்டாரத்தினுடையது. பேஸ்பால், கோல்ஃப், பனிச்சறுக்கு, தீயணைப்பு என்று எல்லாவற்றுக்கும். ஒரு கடையில் சித்தி கைக்கு அளவு தெரியாமல் சித்தப்பா வீடியோ அழைப்பில் கையைக் காட்டச் சொல்லி வாங்கினார்.

போக நினைப்பவர்களுக்கு: தகாமட்சுவில் தங்கினால் எல்லா இடத்துக்கும் காலையில் போய் இரவுக்குள் திரும்பலாம். கொதொஹிராவுக்கும் தோட்டத்துக்கும் கொதொதென் என்ற உள்ளூர் ரயில் போதும். மன்னோவுக்குக் கடைசிச் சில கிலோமீட்டர் டாக்ஸிதான். அருங்காட்சியகங்களுக்கு முன்பதிவு வேண்டும். சிச்சு திங்களன்று மூடியிருக்கும், தெஷிமா கலைக்கூடம் கோடையில் செவ்வாயன்று. தீவுகளுக்கிடையே படகு குறைவு, கடைசிப் படகு நேரத்தை இறங்கும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். உடோனுக்கு மதியம் ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.